நின்ற மணிக்கூட்டை அப்படியே வைத்திருந்தால் போதுமா?

எங்கள் வீட்டுச் சாமியறையில், அண்ணாவின் படத்துக்கு முன்னால், ஒரு கைமணிக்கூடு பதினொரு வருடங்களாக இருந்தது. பற்றரியில் ஓடும் சாதாரண சிற்றிசன் மணிக்கூடு. 2009 மே மாதத் தொடக்கத்தில் முள்ளிவாய்க்காலில் பதுங்குகுழிக்குள் இறங்கும்போது அதன் பட்டி அறுந்துபோனது. "வைச்சிருங்கோ அம்மா, பிறகு பட்டி மாத்துவம்" என்று சொல்லி அண்ணா அதைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தான். வட்டுவாகலைக் கடந்து வந்த பிறகு அவனை எங்களிடமிருந்து பிரித்துக் கூட்டிச் சென்றார்கள். அவன் எங்கே என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

மணிக்கூடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மெனிக் பாம் முகாமில் தண்ணீர் வரிசைக்குப் போகும் நேரத்தை அம்மா அதில்தான் பார்த்தார். 2010 இல் ஊருக்குத் திரும்பிய சில மாதங்களில், ஒருநாள் அது நான்கு மணி பதினேழு நிமிடத்தில் நின்றது. பற்றரி முடிந்திருந்தது, வேறொன்றுமில்லை. நான் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றேன். அம்மா விடவில்லை. "அவன் வந்து மாத்தட்டும்" என்றார். அதற்குப் பிறகு அந்த மணிக்கூட்டை வீட்டில் யாரும் தொடவில்லை.

2021 இல் ஒரு மழைநாளில் படத்துக்குப் பூ வைக்கப் போனபோது, மணிக்கூட்டின் கண்ணாடிக்குள், திகதி தெரியும் சின்னச் சாளரத்தின் ஓரத்தில், வெள்ளைத் தூள்போல ஏதோ படிந்திருப்பதைக் கண்டேன். அம்மாவிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, யாழ்ப்பாண நகரில் ஒரு கடை விறாந்தையில் சின்னக் கண்ணாடிப் பெட்டியை வைத்துக்கொண்டு மணிக்கூடு திருத்தும் ஐயா ஒருவரிடம் கொண்டுபோனேன். எழுபது வயதைத் தாண்டியவர். பின்மூடியைத் திறந்து, ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு எனக்கும் காட்டினார். பற்றரியிலிருந்து கசிந்த திரவம் காய்ந்து உப்புப் பூத்திருந்தது. அதன் கீழே இருந்த செம்புத் தகடு பச்சையாகி, தலைமுடியிலும் மெல்லிய கம்பிச் சுருள் அரிபட்டுப் போயிருந்தது.

"பிள்ளை, மணிக்கூடு நிண்டதாலை இது பழுதாகேல்லை. நிண்ட பிறகு ஒருத்தரும் திறக்காததாலை பழுதாப்போச்சு" என்றார் அவர்.

இந்தக் கட்டுரையை எழுதுவது அந்த ஒரு சொல்லுக்காகத்தான். போருக்குப் பின்னர் எங்கள் வீடுகள் பலவற்றில் இப்படி ஒரு மணிக்கூடு இருக்கிறது. இறந்துபோன தகப்பனுடையது, காணாமல் ஆக்கப்பட்ட கணவனுடையது, பிள்ளையுடையது. வீடும் காணியும் ஆவணங்களும் படங்களும் போன பிறகு, மடியிலும் பையிலும் ஒளித்துக் கொண்டுவரக்கூடிய அளவுக்குச் சின்னதாக இருந்ததால் மிஞ்சிய பொருள் அது. அதைத் தொடக்கூடாது, அப்படியே இருக்கட்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் மணிக்கூடு கல் அல்ல. அதற்குள் பற்றரி இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, றப்பர் இருக்கிறது. நாம் தொடாவிட்டாலும் அவை மாறிக்கொண்டே இருக்கும்.

அதனால் உங்களிடம் இருக்கும் மணிக்கூட்டை ஓட வைக்க விரும்பினாலும், நின்ற நிலையிலேயே வைத்திருக்க விரும்பினாலும், செய்யவேண்டியவை சில உண்டு. அந்த ஐயாவிடம் கேட்டும், பின்னர் படித்தும், கைப்பட்டும் அறிந்துகொண்டவற்றை இங்கே தருகிறேன்.

முதலில், அது எந்த வகை?

கைமணிக்கூடுகளைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பற்றரியில் ஓடுவது. செக்கன் முள் ஒவ்வொரு செக்கனுக்கும் ஒரு தடவை துள்ளித் துள்ளி நகரும். இதற்குள் இருக்கும் சின்னப் பளிங்குத் துண்டு, மின்சாரம் பட்டதும் செக்கனுக்கு 32,768 தடவை அதிரும். அந்த அதிர்வை எண்ணித்தான் முள் நகர்கிறது. 1969 இல் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் இவ்வகைக் கைமணிக்கூட்டை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. முள்ளில்லாமல் இலக்கத்தில் நேரம் காட்டும் கசியோ போன்றவையும் இதே வகைதான்.

இரண்டாவது, தினமும் சாவி கொடுக்கும் மணிக்கூடு. பக்கத்தில் உள்ள குமிழைத் திருகினால் உள்ளே ஒரு வில்லுத் தகடு சுருளும். அது மெல்ல மெல்ல விரியும் விசையில் சக்கரங்கள் சுழலும்.

மூன்றாவது, ஓட்டோமற்றிக். இதற்கும் வில்லுத் தகடுதான். ஆனால் கை அசையும்போது உள்ளே அரைவட்டப் பாரம் ஒன்று சுழன்று தானாகவே சாவி கொடுத்துக்கொள்ளும். எங்கள் அப்பாமாரின் கைகளில் இருந்த சீக்கோ பைவ் இந்த வகை. 1963 இல் அறிமுகமானது. எண்பதுகளில் சவூதிக்கும் குவைத்துக்கும் வேலைக்குப் போனவர்கள் வரும்போது கொண்டுவந்த பொருட்களில் அதுவும் ஒன்று. உங்கள் வீட்டு மணிக்கூட்டில் கிழமையின் பெயர் அரபு எழுத்தில் தெரிந்தால், அது மத்திய கிழக்குச் சந்தைக்கென்று செய்யப்பட்டது என்று பொருள்.

உங்களிடம் உள்ளது நின்றிருந்தால், முள்ளைப் பார்த்து வகையைச் சொல்ல முடியாது. பின்மூடியைப் பாருங்கள். ‘குவாட்ஸ்’ என்று பொறித்திருந்தால் பற்றரி. ‘ஓட்டோமற்றிக்’ என்று முகப்பில் இருந்தால் மூன்றாவது வகை. இரண்டும் இல்லாத பழைய மணிக்கூடு பெரும்பாலும் சாவி கொடுப்பதாக இருக்கும்.

பற்றரியை எடுத்தால் நேரம் மாறாது

பற்றரி மணிக்கூடு வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விடயம் இது. முடிந்த பற்றரியை உள்ளே விட்டால் அது கசியும். சில சமயம் ஒரு வருடத்தில், சில சமயம் பல வருடங்களில். வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். கசிவது காரத் தன்மையுள்ள திரவம். அது மின்சுற்றையும் கம்பிச் சுருளையும் அரித்துவிடும்.

அம்மா பயந்தது இதற்குத்தான்: திறந்தால் நான்கு பதினேழு போய்விடும். அது தேவையில்லாத பயம் என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பற்றரியை எடுப்பதால் முள் அசையாது. பக்கத்தில் உள்ள குமிழை வெளியே இழுத்துத் திருகினால்தான் முள் நகரும். அதனால் திருத்துபவரிடம் கொடுக்கும்போது, "குமிழைத் தொடவேண்டாம், பற்றரியை மட்டும் எடுத்துவிடுங்கள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். உங்கள் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள். சில நிமிட வேலை. நின்ற நேரம் நின்றபடியே இருக்கும், உள்ளே அரிப்பதற்கும் எதுவும் இருக்காது.

ஓடவைக்க விரும்புபவர்கள் பற்றரி முடிந்தவுடன் மாற்றிவிட வேண்டும். பல மணிக்கூடுகளில் பற்றரி முடியப்போகும்போது செக்கன் முள் ஒவ்வொன்றாக நகராமல் இரண்டு செக்கனுக்கு ஒரு முறை துள்ளும். அது பழுது அல்ல, முன்னறிவித்தல்.

பற்றரி வாங்கும்போது அதன் மேலுள்ள எழுத்தைப் பாருங்கள். ‘எஸ்.ஆர்.’ என்று தொடங்குவது சில்வர் ஒக்சைட் பற்றரி. 1.55 வோல்ற். முடியும்வரை அதே வலுவோடு இருக்கும், கசிவது குறைவு. ‘எல்.ஆர்.’ என்று தொடங்குவது அல்கலைன். அளவு ஒன்றுதான், விலை குறைவு, கசிவது கூட. விளையாட்டுப் பொருளுக்கு அது போதும். நினைவுப் பொருளுக்கு வேண்டாம்.

கழற்றிய பற்றரியைச் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். பிள்ளை விழுங்கினால் சில மணித்தியாலங்களுக்குள் உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

அப்பாவின் சீக்கோவும் அரை மணித்தியாலமும்

எங்கள் வீட்டில் இன்னொரு மணிக்கூடும் உண்டு. பெரியப்பா சவூதியிலிருந்து 1988 இல் கொண்டுவந்து அப்பாவுக்குக் கொடுத்த சீக்கோ பைவ். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது தடுக்கப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோச் செய்தி கேட்ட காலம் அது. பற்றரி மணிக்கூடு வைத்திருந்தவர்கள் அது நின்றதும் கழற்றி வைத்துவிட்டார்கள், அப்பாவின் மணிக்கூடு நிற்கவில்லை என்று அம்மா சொல்லுவார். கை அசையும்வரை அது ஓடும்.

அந்த மணிக்கூட்டுக்கு வேறொரு வேலையும் இருந்தது. மின்சாரத் தட்டுப்பாட்டைக் காரணம்காட்டி 1996 மே மாதம் இலங்கை நேரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுக்கப்பட்டது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்தது. 2002 இல் ஏ-9 பாதை திறந்த பிறகு, ஓமந்தையைக் கடந்து வவுனியாவுக்குப் போகும்போது அப்பா மணிக்கூட்டை அரை மணித்தியாலம் கூட்டிவைப்பார். திரும்பி வரும்போது குறைப்பார். 2006 ஏப்ரலில் நாடு முழுவதும் பழைய நேரத்துக்கே திரும்பியபோதுதான் அந்த வேலை முடிந்தது.

சீக்கோவைப் பார்த்த ஐயா, "இந்தக் குமிழ் நல்லாய்த் தேஞ்சிருக்கு, எத்தினை தரம் இழுத்திருக்கினம்?" என்று கேட்டார். நான் ஓமந்தைக் கதையைச் சொன்னேன். சிரித்தார். "வன்னியிலையிருந்து வந்த கனக்க மணிக்கூடு இப்பிடித்தான் பிள்ளை" என்றார். குமிழைச் சுற்றி உள்ளே ஒரு சின்ன றப்பர் வளையம் இருக்கிறது. குமிழை இழுக்க இழுக்க அது தேயும். தேய்ந்தால் அந்த வழியாகத்தான் தண்ணீரும் தூசியும் போகும்.

2016 இல் அப்பா இறந்த பிறகு அந்த மணிக்கூட்டை அம்மா அலுமாரியில் வைத்தார். ஒருநாள் எடுத்துப் பார்த்தபோது அது கையில் ஓடத் தொடங்கியது. அம்மா பயந்துபோய்க் கட்டிலில் போட்டுவிட்டார். பயப்பட ஒன்றுமில்லை. ஓட்டோமற்றிக் மணிக்கூட்டை எடுத்தாலே உள்ளே பாரம் சுழலும், கொஞ்சம் சாவி ஏறும், சில நிமிடம் ஓடும். இந்த வகை நின்றிருந்தால் செத்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். மெதுவாகப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள்.

இதனால் ஒரு சிக்கலும் உண்டு. ஓட்டோமற்றிக் மணிக்கூட்டில் ‘நின்ற நேரத்தை’ அப்படியே காப்பாற்றுவது கடினம். நீங்கள் எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் முள் கொஞ்சம் நகரும். அந்த நேரம் உங்களுக்கு முக்கியம் என்றால், அசைக்கும் முன் தொலைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

சாவி மணிக்கூட்டுக்கும் ஓட்டோமற்றிக்குக்கும் பொதுவான சில விடயங்கள்:

உள்ளே உள்ள எண்ணெய் சில வருடங்களில் காய்ந்து பிசுபிசுக்கும். தொடர்ந்து கட்டுபவர்கள் மூன்று முதல் ஐந்து வருடங்களுக்கு ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் இடக் கொடுக்க வேண்டும். பத்து வருடம் அலுமாரியில் கிடந்ததை எடுத்தவுடன் கட்டிக்கொண்டு திரியாதீர்கள். எண்ணெய் இல்லாமல் ஓடும் சக்கரங்கள் ஒன்றையொன்று தின்னும்.

இரவு ஒன்பது மணிக்கும் அதிகாலை நான்கு மணிக்கும் இடையில் முள் நிற்கும்போது திகதியைக் குமிழால் மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் திகதியை நகர்த்தும் பற்கள் ஏற்கெனவே கௌவியிருக்கும். வலிந்து திருப்பினால் உடையும். முள்ளைக் காலை ஆறு மணிக்குக் கொண்டுவந்துவிட்டு மாற்றுங்கள்.

சாவி கொடுக்கும் மணிக்கூட்டுக்குத் தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், கையிலிருந்து கழற்றிச் சாவி கொடுங்கள். இறுகியதும் நிறுத்துங்கள்.

மணிக்கூடு திடீரென்று விரைவாக ஓடத் தொடங்கினால் காந்தம் பட்டிருக்கலாம். ஒலிபெருக்கி, தொலைபேசி, காந்தப் பூட்டுள்ள கைப்பை ஆகியவற்றின் பக்கத்தில் வைக்காதீர்கள். திருத்துபவர் காந்தத்தை எடுத்துவிடுவார். பெரிய வேலை அல்ல.

மிகப் பழைய, இருட்டில் முள் ஒளிரும் மணிக்கூடு உங்களிடம் இருந்தால் நீங்களாகத் திறக்கவேண்டாம். 1960களுக்கு முந்திய பலவற்றில் ஒளிரும் பூச்சுக்கு ரேடியம் சேர்த்திருந்தார்கள். வெளியே கையாள்வதை விட அந்தத் தூள் மூக்கிலும் வாயிலும் போவதுதான் ஆபத்து.

தண்ணீர், உப்பு, வியர்வை

பின்மூடியில் ‘30 மீற்றர்’ என்று எழுதியிருந்தால் முப்பது மீற்றர் ஆழத்துக்கு இறங்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தொழிற்சாலையில் புதிய மணிக்கூட்டை அசைக்காமல் வைத்துச் செய்த அழுத்தச் சோதனையின் அளவு. கை கழுவுவதும் மழைத்துளியும் தாங்கும் என்பதே அதன் பொருள். கிணற்றில் அள்ளிக் குளிப்பதற்கும் அது போதாது. அதுவும் றப்பர் வளையங்கள் புதிதாக இருக்கும்வரைதான். இருபது வருடப் பழைய மணிக்கூட்டில் எந்த எண் எழுதியிருந்தாலும் தண்ணீர் படாமல் வைத்திருப்பதே நல்லது.

கடலுக்குப் போகிறவர்கள், உப்புக் காற்றில் வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மணிக்கூட்டைத் துடைக்க வேண்டும். தோட்ட வேலை செய்பவர்களுக்கும் இதுதான். வியர்வையின் உப்பும் ஊத்தையும் சேர்ந்து பின்மூடியின் ஓரத்தில் படியும். பல பின்மூடிகளை அரித்துத் துளைப்பது அதுதான். பழைய மென்மையான பல் துலக்கி ஒன்று போதும். தண்ணீரில் முக்கவேண்டாம்.

கண்ணாடிக்குள் பனி படிந்தால் ஈரம் உள்ளே போய்விட்டது. வெயிலில் காயவைப்பதும் அரிசிக்குள் புதைப்பதும் உதவாது. அரிசித் தூள் உள்ளே போகும், வெயில் எண்ணெயைக் கெடுக்கும். அன்றோ அடுத்த நாளோ திருத்துபவரிடம் கொடுத்துத் திறந்து காயவைக்கச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் போயிருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

எங்கே வைப்பது?

எங்கள் வீடுகளில் நினைவுப் பொருளுக்குரிய இடம் சாமியறை. மணிக்கூட்டுக்கு அதைவிடப் பிழையான இடம் இல்லை என்பதை நானும் பிந்தித்தான் அறிந்தேன். திருநீற்றுத் தூள், கற்பூரப் புகை, விளக்கெண்ணெய்க் கரி எல்லாம் குமிழின் இடைவெளியில் போய்ச் சேரும். படம் சாமியறையில் இருக்கட்டும். மணிக்கூடு வேறு இடத்தில் இருக்கட்டும்.

சொப்பிங் பையில் கட்டி வைப்பதும் கூடாது. ஈரம் உள்ளேயே நின்றுவிடும். பிளாஸ்ரிக் நாளாக நாளாகப் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். அலுமாரியில் உடுப்புக்குப் போடும் பூச்சி உருண்டையின் பக்கத்திலும் வைக்காதீர்கள். அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்ரிக்கை இளக்கும்.

சிறந்த வழி எளிமையானது. கழுவிக் காய்ந்த வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றில் சுற்றுங்கள். இறுக்க மூடக்கூடிய சின்ன ரின்னில் வையுங்கள். சப்பாத்துப் பெட்டிகளுக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பைக்கற் ஒன்றைச் சேர்த்து வையுங்கள். தோல் பட்டி இருந்தால் அது பூஞ்சணம் பிடிக்கும். கழற்றித் தனியாகச் சுற்றி அதே ரின்னில் வைக்கலாம்.

வருடத்துக்கு ஒரு முறை, ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன், புரட்டாசியில் ஒருநாள் திறந்து பாருங்கள். பழைய பைக்கற்றை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். அவ்வளவுதான் பராமரிப்பு.

திருத்தக் கொடுக்கும் முன்

திருத்துபவருக்கு அது உங்களுடைய நினைவுப் பொருள் என்று தெரியாது. அவர் தன் தொழிலை நன்றாகச் செய்ய நினைப்பார். உடலைத் தேய்த்துப் பளபளப்பாக்குவார், கீறல் விழுந்த கண்ணாடியை மாற்றுவார், மங்கிய முகப்புக்குப் புதியது போடுவார். வீட்டுக்கு வரும்போது உங்கள் பிள்ளையின் மணிக்கூடு யாரோ ஒருவருடையதாக மாறியிருக்கும்.

அதனால் கொடுக்கும் முன் முன்புறம், பின்புறம், பக்கங்கள், பட்டி எல்லாவற்றையும் படம் எடுங்கள். எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று வாயால் சொன்னதோடு விடாமல் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் திரும்பத் தரச்சொல்லுங்கள். பெரும்பாலான திருத்துபவர்கள் காரணத்தைச் சொன்னால் விளங்கிக்கொள்வார்கள். அவர்களும் இதே மண்ணில் இருந்தவர்கள்தான்.

அண்ணாவின் மணிக்கூட்டுக்கு ஐயா இரண்டு வழி சொன்னார். உள்ளே இருக்கும் முழு இயந்திரத்தையும் மாற்றிப் புதியது போட்டால் ஓடும். அல்லது உப்பைத் துடைத்து, இனிமேல் அரிக்காதபடி காயவைத்து, ஓடாமலே தரலாம். அடுத்த கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். முள் நகராது என்பதை அவர் அம்மாவுக்கு மெதுவாக விளங்கப்படுத்தினார். "தங்கச்சி, ஓட வைக்கவேணும் எண்டு ஒரு சட்டமும் இல்லை. இன்னும் பழுதாகாமல் வைச்சிருக்கவேணும், அவ்வளவுதான்" என்றார். அம்மா இரண்டாவது வழியைச் சொன்னார்.

"பட்டியும் மாத்தவோ?" என்று ஐயா கேட்டார்.

"வேண்டாம் அண்ணை" என்றார் அம்மா. "அவன் மாத்துவம் எண்டவன்."

எழுதி வையுங்கள்

மணிக்கூட்டைக் காப்பதைப் போலவே அதைப் பற்றிய விபரத்தைக் காப்பதும் முக்கியம். இதை அதிகம் பேர் செய்வதில்லை.

பின்மூடியில் சின்ன எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய சீக்கோவில் ஆறு இலக்கத் தொடர் எண் ஒன்று இருக்கும். முதல் இலக்கம் செய்யப்பட்ட ஆண்டின் கடைசி இலக்கம். இரண்டாவது மாதம். ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணாகவும், ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்கள் முறையே ஓ, என், டி என்ற எழுத்துகளாகவும் இருக்கும். அப்பாவின் மணிக்கூடு ‘82’ என்று தொடங்குகிறது. அதாவது எட்டில் முடியும் ஓர் ஆண்டின் பெப்ரவரி. பெரியப்பா கொண்டுவந்தது 1988 இல் என்பதால், 1988 ஆக இருக்கலாம். 1978 ஆகவும் இருக்கலாம். மாதிரி எண்ணைப் பார்த்துத்தான் எது என்று முடிவுசெய்ய வேண்டும்.

மூடியின் உட்புறத்திலும் பாருங்கள். பல திருத்துபவர்கள் தாங்கள் திறந்த திகதியையோ ஓர் அடையாளத்தையோ ஊசியால் மெல்லிதாகக் கீறி வைப்பார்கள். அப்பாவின் மணிக்கூட்டுக்குள் அப்படி மூன்று கீறல்கள் இருந்தன. ஒன்றில் ‘94’ என்று தெரிந்தது. தடைக்காலத்தில் யாரோ ஒருவர் அதற்கு எண்ணெய் இட்டிருக்கிறார்.

இந்த விபரங்கள் வெறும் சுவாரசியத்துக்கு அல்ல. 2025 ஓகஸ்டில், செம்மணிப் புதைகுழியில் மீட்கப்பட்ட பொருட்களை நீதிமன்ற அனுமதியோடு மக்கள் அடையாளம் காண்பதற்காகப் பார்வைக்கு வைத்தார்கள். அந்தச் செய்தியைப் பார்த்த அன்றிரவு அம்மா என்னிடம் ஒரு கொப்பி கேட்டார். யாரோ ஒருவர் உடுத்தியதை, அணிந்ததை, அவருடைய வீட்டார்தான் சொல்ல முடியும். பல வருடங்கள் கழித்துச் சொல்ல வேண்டியிருந்தால், நினைவை மட்டும் நம்பியிருக்க முடியாது.

உங்கள் வீட்டில் காணாமல் ஆக்கப்பட்டவர் மணிக்கூடு கட்டிக்கொண்டு போயிருந்தால், தெரிந்ததை இன்றே எழுதி வையுங்கள். எந்த நிறுவனம், முகப்பு என்ன நிறம், பட்டி தோலா இரும்பா, எந்தக் கையில் கட்டுவார், பட்டியில் ஒரு கண்ணி குறைத்திருந்தாரா, எங்காவது கீறலோ உடைவோ இருந்ததா. அவர் அதைக் கட்டியிருக்கும் பழைய படம் இருந்தால், கலியாண வீட்டுக் கூட்டப்படமாக இருந்தாலும், கை தெரியும் பகுதியைப் பெரிதாக்கிப் பிரதி எடுத்து வையுங்கள். வாங்கிய பற்றுச்சீட்டோ பெட்டியோ இருந்தால் எறியாதீர்கள். எழுதியதன் கீழே திகதியும் எழுதியவர் பெயரும் இடுங்கள். இன்னொரு பிரதியை வெளியில் இருக்கும் உறவினர் ஒருவரிடம் கொடுங்கள்.

காணி துப்புரவாக்கும்போதோ அத்திவாரம் வெட்டும்போதோ எலும்போடு சேர்த்து மணிக்கூடோ வேறு பொருளோ கண்ணில் பட்டால், அதை எடுத்துத் துடைக்காதீர்கள், இடத்தை மாற்றாதீர்கள். வேலையை நிறுத்திவிட்டு, கண்ட நிலையில் படம் எடுத்துக்கொண்டு, பொலிஸுக்கும் கிராம அலுவலருக்கும் நம்பிக்கையான சட்டத்தரணி ஒருவருக்கும் அறிவியுங்கள். புதைந்த பொருள் எந்த இடத்தில் எப்படிக் கிடந்தது என்பதே பாதிச் சாட்சி.

இப்போது அண்ணாவின் மணிக்கூடு அலுமாரியில் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள், வெள்ளை லேஞ்சியில் சுற்றியபடி இருக்கிறது. பற்றரி இல்லை. அறுந்த பட்டி அப்படியே இருக்கிறது. நேரம் நான்கு பதினேழு. புரட்டாசியில் அம்மா ரின்னைத் திறந்து, பைக்கற்றை மாற்றி, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி சுற்றி வைப்பார். அப்பாவின் சீக்கோவை நான் கட்டுகிறேன். அதன் மூடிக்குள் நான்காவது கீறல் ஒன்று இருக்கிறது.

அம்மா கேட்ட கொப்பியில் முதல் பக்கத்தை அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். நிறுவனம், நிறம், பட்டி எல்லாம் சொல்லி முடித்த பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொன்றும் எழுதச் சொன்னார். அண்ணா மணிக்கூட்டின் முகப்பை உள்ளங்கைப் பக்கமாக வைத்துத்தான் கட்டுவான். சைக்கிள் ஓடும்போது நேரம் பார்க்க அதுதான் வசதி என்பானாம். பதினாறு வருடமாக இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் மறந்திருந்தேன்.